ஒன்றரைப் பக்கம் ஓநாய், இரண்டு வரி நான்

அல் ஐன்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள டெல்சிக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம். குவைத்தில் நீயும், நாகர்கோவில் ஹாஸ்டலில் நம் ஷைனியும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டியூட்டி மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா?

இங்கே பெய்த மழையை நீ டிவியில் பார்த்திருப்பாய். துபாயில் கார்கள் மிதந்ததாகக் காய்கறி வண்டி பிஜு சொன்னான். எங்கள் மஸ்ராத் தோட்டத்தில் மிதக்க ஒன்றுமில்லை. பேரீச்சை மரங்கள் முடிகிற இடத்தில், இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு குளம் வந்து உட்கார்ந்துவிட்டது. நேற்று காலையில் பார்த்தால் அதன் கரையில் புல். பன்னிரண்டு வருடமாக நான் மிதித்து நடந்த மணலுக்குள் இத்தனை விதைகள் எங்கே படுத்திருந்தனவோ. ஆடுகள்கூட உடனே தின்னவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றன.

நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது முதலாளி அர்பாபின் மகன் ராஷித் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தான். உள்ளே சாம்பலும் மண்ணும் கலந்த நிறத்தில் ஒரு குட்டி. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். காதுகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிசு. நாய்க்குட்டி என்று நினைத்துத் தூக்கினேன். ஆடு மேய்க்கும் கலீல் ரஹ்மான் பாய் தூரத்தில் இருந்தே, "பேடியா! பேடியா!" என்று கத்தினார். என் காதுக்கே எட்டியது என்றால் எப்படிக் கத்தியிருப்பார் என்று பார்த்துக்கொள்.

ராஷித் சிரித்தான். நாய் இல்லை, ஓநாய் என்றான். எல்லைக்கு அப்பாலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றார்களாம். சின்னதிலேயே எடுத்து வளர்த்தால் நாய் மாதிரி காலடியில் கிடக்குமாம்.

பால்குப்பியில் ஆட்டுப்பால் கொடுக்கிறேன். மற்ற நேரமெல்லாம் என் சட்டைக்குள் தூங்குகிறது. ஓநாயை வீட்டில் வளர்க்கலாமா டெல்சி? உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது.

வியாழக்கிழமை பிஜு காய்கறி ஏற்ற வருவான். அவனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் போனுக்கு சிக்னல் கிடைக்கிறது. குவாரி வெடியில் போன என் காதுக்கு அங்கே ஏறியும் பயனில்லையே. நமக்குக் காகிதம்தான்.

உன் சுகச்செய்திக்குக் காத்திருக்கும்,
செல்வசிங்


அப்பாசியா, குவைத்
19 மே 2024

ஷைனி அப்பாவுக்கு டெல்சி எழுதுறது,

உங்க கடிதம் பத்திரமா வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். முழங்காலும் கூடவே நல்லா இருக்கு, என்னை விட்டுப் போகமாட்டேங்கு. காதுக்கு மருந்து ஊத்துதியளா? நேரத்துக்குச் சாப்பிடுதியளா?

ஓநாயை வளர்க்கலாமான்னு கேட்டிருக்கிய. வளர்க்கக் கூடாது. அதுக்கு ஒரு அம்மை இருந்திருக்கும். குட்டியப் பெட்டில வச்சு வித்தவன் அந்த அம்மைய என்ன செய்தான்னு ராஷித்துட்ட கேட்டுப் பாருங்க.

ஆனா பால் குடுக்காதியன்னு நான் சொல்லமாட்டேன். பாலுக்குத் தவிக்கிற வாய்க்குப் பால் குடுத்துத்தான் ஆகணும். நான் குறைமாசப் பிள்ளையள் வார்டுல பதினாறு வருஷமா அதைத்தான் செய்யுதேன். எத்தனை பிள்ளையளுக்குக் குழாய் வழியா சொட்டு சொட்டாக் குடுத்திருக்கேன்! ஒரு பிள்ளைக்கும் நான் பேர் வச்சது கிடையாது. பேர் வைக்கது வீட்டுக்காரங்க வேலை. நீங்களும் அதுக்குப் பேர் வச்சிராதிய. வச்சா பொறவு விடமுடியாது.

அதுக்கு ஊசி போட்டாச்சா? நகமோ பல்லோ பட்டா உடனே சோப்பு போட்டு, ஓடுத தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவணும். விளையாட்டுன்னு நினைக்காதிய.

இப்ப நல்ல சேதி. டிசம்பர் பதினெட்டுலேருந்து எனக்கு ஒரு மாசம் லீவு. கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கது நாலு வருஷத்துல இதுதான் முதல் தடவை. நீங்களும் இப்பவே அர்பாப்ட்ட சொல்லி வைங்க. நமக்குக் கல்யாணம் முடிஞ்சு பத்தொன்பது வருஷம். சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பாத்தேன். ரெண்டு வருஷம் தேறல.

உடம்பைப் பாத்துக்கிடுங்க.
உங்க டெல்சி


அல் ஐன்
30 ஜூன் 2024

அன்புள்ள டெல்சிக்கு,

வெயில் ஐம்பதைத் தொட்டாலும் எனக்கு ஒரு குறைவும் இல்லை. உன் ஃபிளாட்டில் ஏசி ஒழுகுவதாக எழுதியிருந்தாயே முன்பு, சரிசெய்தார்களா? ஷைனி போனில் பேசினால் அப்பா கேட்டதாகச் சொல்.

குளம் போய்விட்டது. ஒருநாள் காலை போனேன், இருந்த இடத்தில் ஓடு ஓடாய் வெடித்த மண்தான் கிடந்தது. அதைத் தோண்டி ஈர மணலைக் கண்டுபிடித்தது குட்டிதான். இப்போது மரங்களுக்கு நீர் பாயும் இடத்தில் பள்ளம் பறித்து, நண்பகல் முழுதும் அதற்குள் கிடக்கிறது. பக்கத்தில் சாக்கை விரித்து நானும் படுத்துவிடுகிறேன். ஓலைகளுக்கு நடுவே வெயில் இறங்கி வரும்போது பச்சைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருக்கும். எது தூக்கம், எது விழிப்பு என்று தெரியாது. சில நேரம் நீ பேரீச்சை வரிசைக்கு நடுவே வெள்ளைச் செருப்போடு நடந்து வருகிறாய். நான் எழுந்து உட்கார்ந்தால் அது மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெயர் வைக்கவில்லை. குட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். அதன் பாதத்தில் நடுவிரல் இரண்டும் அடியில் ஒட்டியிருக்கின்றன. மணலில் அந்தச் சுவடைக் காட்டி, ஓநாய்க்கும் நாய்க்கும் இதுதான் வித்தியாசம் என்றார் கலீல் பாய்.

ஒரு மாலை பாய் தன் வாய்மேல் கைகளைக் குவித்து ஜாடை காட்டினார். ஊளையிடுகிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்து மூக்கை உயர்த்தி நிற்பது மட்டும் தெரிந்தது. போய் அதன் கழுத்தில் கை வைத்தேன். டெல்சி, உள்ளங்கை வழியாக ஒரு நடுக்கம் ஏறி என் தோள்வரை வந்தது. கோவிலில் ஆர்கன் பெட்டிமேல் கை வைத்தால் வருமே, அதுபோல. என் கை கேட்டது அதை. முடிந்ததும் அது காதுகளை முன்னால் நீட்டி வெகுநேரம் நின்றது. பதிலுக்குக் காத்திருக்கிறது என்றார் பாய். இந்தப் பக்கத்து மணலில் இப்போது ஓநாயே கிடையாது, யார் பதில் சொல்வார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆடுகளைப் பார்க்க மிருக டாக்டர் ஹிஃப்ஸா வந்தார். காயல்பட்டினத்துப் பெண், நன்றாகத் தமிழ் பேசுகிறார். குட்டிக்கும் ஊசி போட்டார். இது நாய்க்கான ஊசி, ஓநாய்க்கு எவ்வளவு வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வேறு சிலவும் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அர்பாபிடம் டிசம்பர் லீவு கேட்டேன். தலையை ஆட்டினார்.

உன் நினைவாகவே இருக்கும்,
செல்வசிங்


அப்பாசியா
11 ஆகஸ்ட் 2024

ஷைனி அப்பாவுக்கு,

இங்க நான் சுகம். ஏசி இப்பவும் ஒழுகுது, கீழ வாளி வச்சிருக்கோம். அங்க நீங்க வெயில்ல தொப்பி போடுதியளா?

உங்க கடிதத்தை ரூம்ல இருக்கவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு அவ சொல்லுதா, "ஒன்றரைப் பக்கம் ஓநாய், ரெண்டு வரி நீ". நான் எண்ணிப் பாத்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கா. லீவு சமாச்சாரம் ஒரு வரி, அர்பாப் தலையாட்டினது ஒரு வரி.

சிரிக்காதிய. அந்தச் சவம் எனக்குக் கனவுலயும் வந்துட்டு. டியூட்டி முடிஞ்சு வந்து பகல்ல படுத்திருந்தேன். அப்பாசியாத் தெருவுல நடந்து வருது. ஸ்கூல் பஸ் நிக்குது, கடைக்காரன் வாழைக்குலை கெட்டித் தொங்கவிடுதான், ஒருத்தரும் அதைக் கண்டு பயப்படல. ஆறு மாடியும் ஏறி வந்து எங்க வாசல்ல உக்காந்துச்சு. நான் கதவைத் தொறந்து, அதுக்குப் பின்னால எட்டி எட்டிப் பாக்குதேன். நீங்க வரல. அது மட்டும்தான் வந்துச்சு.

டாக்டர் அம்மா வேற என்ன சொன்னா? நீங்க "பிறகு எழுதுகிறேன்"னு எழுதினா அது நல்ல சேதியா இருந்ததே இல்ல.

டிக்கெட் பாத்தாச்சு. ரெண்டு பேரும் ஒரே நாள் திருவனந்தபுரத்துல இறங்கணும். ஷைனிய அங்க வரச் சொல்லியிருக்கேன். பிள்ளைக்கு இப்ப உங்க உயரம்.

மறக்காம மருந்து ஊத்துங்க.
டெல்சி


அல் ஐன்
27 அக்டோபர் 2024

அன்புள்ள டெல்சிக்கு,

உன் சுகத்துக்கும் பிள்ளையின் சுகத்துக்கும் ஸ்தோத்திரம். எனக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

குட்டி இனிக் குட்டி இல்லை. என் தொடை உயரம் வந்துவிட்டது. என்னைத் தவிர யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. போன மாதம் ராஷித் நண்பர்களைக் கூட்டி வந்தான். எல்லாரும் போனை நீட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி நின்றார்கள். அது ஒரு மூலையில் ஒண்டி, நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாரம் ராஷித் சங்கிலியோடு வந்தான். ஷூவைக் கடித்துக் கிழித்துவிட்டது. "நாய் மாதிரி இருக்கும் என்றார்களே" என்று எரிச்சலோடு போனவன், இன்னும் வேலிப் பக்கம் வரவில்லை.

இறைச்சி போடும்போது என்னிடமும் உறுமுகிறது. பல் தெரியும்போது நான் பின்னால் நகர்ந்துகொள்கிறேன். கலீல் பாய் சொல்கிறார், "உன்னைத் தன் கூட்டம் என்று நினைக்கிறது பாய். கூட்டத்துக்குள்ளும் கடி உண்டு." மாலையில் நான் மணலில் உட்கார்ந்தால் பத்தடி தள்ளி அதுவும் உட்காரும். இரண்டு பேரும் மேடுகள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

டெல்சி, இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். டிசம்பரில் நான் வர முடியாது. ஒரு மாதம் போனால் யார் இதற்குத் தீனி வைப்பார்கள்? பாய் வேலிக்குள் போகமாட்டார். நீ போனால் மணலில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று ராஷித் சொல்லிவிட்டான். விட்டால் எங்காவது ஆட்டுப்பட்டிக்குப் போய்ச் சுடப்பட்டுச் சாகும். நீயும் ஷைனியும் சந்தோஷமாகக் கொண்டாடுங்கள். ஈஸ்டருக்குப் பார்க்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே.
செல்வசிங்


அப்பாசியா
9 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய திரு. செல்வசிங் அவர்களுக்கு,

நான் நலம். தங்கள் நலம் தங்கள் கடிதத்தால் அறிந்தேன்.

பதினெட்டாம் தேதி காலையில் எனக்கு விமானம். நீங்கள் வரவில்லை என்று ஷைனியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். ஓநாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை என்று சொன்னேன்.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
டெல்சி செல்வசிங்


அல் ஐன்
8 ஜனவரி 2025

அன்புள்ள டெல்சிக்கு,

நான் நலம். நீ ஊரிலிருந்து திரும்பும்போது இது உன் ஆஸ்பத்திரித் தபால் பெட்டியில் இருக்கும் என்று எழுதுகிறேன். பேனா சரியில்லை. குளிரில் விரல் மரத்துப்போகிறது. எழுத்து சாய்ந்திருந்தால் மன்னி.

இங்கே காலையில் பனிமூட்டம். மஸ்ரா இல்லை, மேடு இல்லை, கை நீட்டினால் கை இல்லை. எங்கோ நடுவில் வேலிக்குள் அது நடக்கிறது. நான் பார்க்கவில்லை, ஆனால் தெரிகிறது. பத்து மணிக்குமேல் ஒவ்வொரு மரமாகத் திரும்பி வரும்.

குட்டி நலம். ஷைனி என்ன சொன்னாள்? கேக் செய்தீர்களா? அதிகம் எழுத முடியவில்லை.

செல்வசிங்


அப்பாசியா
20 ஜனவரி 2025

ஷைனி அப்பாவுக்கு,

இதை எழுதி போட்டோ எடுத்து பிஜுவுக்க போனுக்கு அனுப்புதேன். அவன் கொண்டுவந்து உங்க கண்ணு முன்னால காட்டுவான். முழுசா வாசிங்க.

இன்னைக்குக் காலைல டியூட்டிக்குப் போகும்போது உங்க கடிதம் கிடைச்சுது. வாசிக்கதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுட்டு. அது உங்க இடது கை எழுத்து. பேனா கெட்டா எழுத்து மங்கும், சாயாது. பதினாறு வருஷமா, வலது கைல டிரிப் ஊசியோட வாற அம்மைமார்ட்ட இடது கையால கையெழுத்து வாங்குதவ நான்.

உடனே பிஜுவக் கூப்பிட்டேன். "அண்ணனுக்க வலது கைக்கு என்னடே?"ன்னேன்.

"அக்கா, அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"அந்தச் சத்தியத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ சொல்லு."

"கிறிஸ்மஸ் அன்னைக்கு அக்கா. ஓநாய் கடிச்சுட்டு. முழங்கைக்குக் கீழ. சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவினாராம், நீங்க எழுதியிருந்தியளாம். மஞ்சள் வச்சுக் கெட்டியிருக்காரு."

"ஊசி?"

"போடல. ஆஸ்பத்திரிக்குப் போனா எந்த மிருகம்னு கேப்பாங்க, பொறவு அதைக் கொன்னுருவாங்கன்னு பயப்படுதாரு."

ஃபோனை வச்சிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். அழுது முடிச்சு முகம் கழுவி ரெண்டு பிள்ளையளுக்குப் பால் குடுத்தேன். வேலை நிக்காதுல்லா.

இப்ப கேளுங்க. நாய் கடிச்சா பத்து நாள் நாயைப் பாப்போம், அது நல்லா இருந்தா நமக்கு நிம்மதி. ஓநாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது. அதுக்குப் போட்ட ஊசியையும் நம்ப முடியாதுன்னு உங்க டாக்டரே சொல்லியிருக்கா. இருபத்தாறு நாள் ஆயிட்டுன்னாலும் போட்டுத்தான் ஆகணும். இந்த வியாதி வந்தா மருந்து கிடையாது. பிஜு வண்டியோட வெளிய நிக்கான். இப்பவே ஏறுங்க. ஏறலன்னா அவன் அர்பாப்ட்ட நேராப் போய்ச் சொல்லுவான். சொல்லச் சொல்லியிருக்கேன்.

அதைக் கொல்லுவாங்களா மாட்டாங்களாங்கதை நான் வந்து பேசுதேன். ஆமா, வாறேன். எமர்ஜென்சி லீவு எழுதிக் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை துபாய்ல இறங்கி பஸ் பிடிப்பேன்.

என் கோவமும் வெப்ராளமும் ஒண்ணும் தீரல. அதையும் நேர்லயே தீத்துக்கிடுதேன்.

டெல்சி


அல் ஐன்
2 மார்ச் 2025

என் டெல்சிக்கு,

இது என் வலது கை. மோதிர விரல் முழுதாக மடங்காது. அதுபோக எல்லாம் சுகம். ஊசிகள் முடிந்துவிட்டன. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை பிஜு சொன்னான்.

நீ இங்கே இருந்த ஒன்பது நாளும் நான் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். முகம் பார்த்துச் சொல்ல வரவில்லை. நீயும் எப்படிக் கடித்தது என்று கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் ஜெபம் செய்துவிட்டு வேலிக்குள் போனேன். அது வழக்கம்போல வந்து என் முழங்காலை முகர்ந்தது. அந்த நேரத்தில் நீயும் ஷைனியும் கோவிலிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருப்பீர்கள் என்று தோன்றியது. யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது டெல்சி. குனிந்து அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அதற்கு அப்படி ஒரு வழக்கம் தெரியாது. பிடித்து அமுக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டது. ஒரே கடிதான். உடனே விட்டு ஓடி, மூலையில் நின்று என்னைப் பார்த்தது. பயந்தது நான் இல்லை, அதுதான்.

இன்னொன்று. ஜூன் மாதமே டாக்டர் ஹிஃப்ஸா என்னிடம் சொன்னார், "அண்ணாச்சி, இந்த நாட்டுல இதை வீட்டுலயோ தோட்டத்துலயோ வளக்குறது சட்டப்படி குத்தம். உங்க அர்பாபே முன்வந்து ஒப்படைச்சா நல்லது. சின்னதா இருக்கும்போதே குடுத்தா அதுக்கும் நல்லது." நான் அதை அர்பாபிடம் சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை. கொடுத்துவிட வேண்டி வருமே என்றுதான்.

நீ அர்பாபிடம் பேசிய அரபியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குவைத் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் தகப்பன்மாரைத் திட்டிப் பழகிய அரபி. அவர் மகனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "கலாஸ்", போதும், முடிந்தது என்று சொல்லிவிட்டு அவரே போனை எடுத்து வனவிலங்கு ஆபீஸுக்குப் பேசினார். பிறகு என்னிடம், "இந்தப் பெண்ணை இத்தனை வருடம் எங்கே ஒளித்துவைத்திருந்தாய்?" என்றார்.

நீ போன பத்தாம் நாள் வந்தார்கள். கொல்லமாட்டோம், கடித்து ஐம்பது நாள் ஆகியும் நன்றாக இருக்கிறது, தனியே வைத்துப் பார்த்துவிட்டு வனவிலங்குப் பண்ணையில் சேர்ப்போம் என்றார்கள். இரண்டு பக்கமும் கதவுள்ள நீளமான பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். இறைச்சி வைத்தும் அது உள்ளே போகவில்லை. மயக்க ஊசி போட்டால் ஆபத்து, நீங்கள் முன்னால் போனால் வரும் என்றார் டாக்டர்.

நான் கையையும் முழங்காலையும் ஊன்றி அந்தப் பெட்டிக்குள் தவழ்ந்தேன். அதன் மூச்சு என் குதிகாலில் பட்டது. நம்பி வந்தது டெல்சி. நான் மறுபக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். இரண்டு கதவையும் ஒன்றாக மூடினார்கள். கம்பி வழியே பார்த்தேன். உறுமவில்லை. காதுகளை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆறு நாள் அது சாப்பிடவில்லை. நான் வருகிறேன் என்று கெஞ்சினேன். "வந்தா சாப்பிடும் அண்ணாச்சி. நீங்க போனதும் மறுபடியும் பட்டினி கிடக்கும். வராதீங்க" என்றார் டாக்டர். ஏழாம் நாள் சாப்பிட்டது.

மனிதர் கையில் வளர்ந்ததால் அதை மணலில் விட முடியாதாம். கடைசிவரை வேலிக்குள்தான். அப்படியென்றால் நான் பால் கொடுத்ததே தவறா? நீயே சொல்.

ராஷித் என்னோடு பேசுவதில்லை. பெருநாள் முடிந்ததும் லீவில் போ, திரும்பி வருவதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் அர்பாப். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

உன் செல்வசிங்


அப்பாசியா
16 மார்ச் 2025

என் ஷைனி அப்பாவுக்கு,

நான் சுகம். மூணு தடவை வாசிச்சேன் உங்க கடிதத்தை. விரலுக்கு எண்ணெய் தேச்சு, வெந்நீர்ல முக்கி மடக்கி மடக்கி நீட்டணும். வலிச்சா வலிக்கட்டும்.

முதல்ல நீங்க கேட்டதுக்குப் பதில். பால் குடுத்தது தப்பில்ல. பெட்டியக் காசு குடுத்து வாங்கினதுதான் தப்பு. அதை வாங்கினது நீங்க இல்ல. ஆனா ஜூன்ல குடுக்காம வச்சுக்கிட்டது உங்க தப்பு, அதை நான் இல்லன்னு சொல்லமாட்டேன்.

எனக்கும் சொல்லாத ஒண்ணு இருக்கு. அன்னைக்குப் பனிக்குள்ள என்னை வேலிகிட்ட கூட்டிட்டுப் போனிய. "பயமா இருக்கா"ன்னு கேட்டிய. பயம் இல்ல. வெக்கம். மாசக்கணக்கா அதுமேல நான் பொறாமைல வெந்துருக்கேன். அங்க பாத்தா ஒரு மெலிஞ்ச சீவன், வேலி ஓரத்துல நடந்த தடத்துலயே நடந்துட்டு இருக்கு. அந்தத் தடம் மட்டும் மண்ணுல குழிஞ்சு கிடக்கு. எங்க ஆறாவது மாடி வராண்டால நான் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரை நடப்பேன்லா, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

இனி இதை உங்ககிட்ட கேக்கல, சொல்லுதேன். ஆகஸ்ட்ல என் காண்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கப் போறதில்ல. நம்ம ஊரு கருங்கல்ல ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. கஞ்சி குடிச்சாலும் ஒரே கூரைக்குக் கீழ குடிப்போம். நீங்க முன்னால போய் வீட்டைத் தொறந்து வைங்க.

ஷைனிட்ட நீங்க வாறதைச் சொன்னேன். "வந்தா வரட்டும்"னா. அவ்வளவுதான் சொன்னா. போன கிறிஸ்மஸ் அன்னைக்கு அவ கோவில்லேருந்து வந்து ரூம் கதவைச் சாத்தினவ சாயங்காலம்தான் தொறந்தா. நீங்க தெரிஞ்சுக்கிடணும்னுதான் எழுதுதேன்.

உங்களையே நினைச்சுட்டு இருக்குத,
டெல்சி


அல் ஐன்
6 ஏப்ரல் 2025

என் டெல்சிக்கு,

சுகம். விரல் இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. வீட்டைத் திறந்து வைக்கிறேன், ஒட்டடை அடிக்கிறேன், கிணற்றை இறைக்கச் சொல்கிறேன். நீ சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

பெருநாள் கழித்து டாக்டர் ஹிஃப்ஸா தன் வண்டியில் என்னைப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். போவதற்குமுன் ஒரு வாக்குக் கேட்டார். கூப்பிடக் கூடாது, வேலிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. சரி என்றேன்.

மேட்டின்மேல் ஒரு சுவர். அதில் பார்ப்பதற்கு ஒரு கீறல் மாதிரி இடைவெளி விட்டிருந்தார்கள். கீழே பெரிய வெளி. முள்மரங்கள், கல், மணல். வேலி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காலை வெயில் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. முதலில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. பிறகு ஒரு மரத்தடியில் மண் எழுந்து நின்றது. அதுதான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. பக்கத்தில் வயதான பெண் ஓநாய் ஒன்று படுத்திருந்தது. அதன் முதுகில் இது தலையை வைத்துத் தேய்த்தது. நான் அதனிடம் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

காற்று எங்கள் பக்கமிருந்து இறங்கியது. அது தலையை உயர்த்தியது. சுவரைப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது டெல்சி, சந்தேகமில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிழட்டு ஓநாய் எழுந்து சோம்பல் முறித்து, முள்மரங்களுக்குள் நடந்தது. இது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அதன் பின்னால் போய்விட்டது.

டாக்டர் என் முகத்துக்கு நேரே வந்து வாயசைத்து, "வருத்தமா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு பருந்து ஒரே இடத்தில் நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை.

கலீல் பாய் எனக்காக ஒரு பெட்டி நிறையப் பேரீச்சை கட்டி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை விமானம். குருத்தோலை ஞாயிறுக்கு ஊரில் இருப்பேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆகஸ்டுக்கு இன்னும் நாலு மாதம்தான்.

ஹாஸ்டலுக்கு நானே போகிறேன். கேட்டுக்கு வெளியே நிற்பேன். ஷைனி என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் தோழிகளோடு போனாலும் போகலாம். போகட்டும். அவளை மட்டும் நான் கூப்பிடுவேன்.

உன்,
செல்வசிங்